செப்டம்பர் 24-க்கு ஒரு மூன்றுகால் சட்டி: எண் 3 பாய்கி வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 மரபு நாள், பொது விடுமுறை. அன்று காலை பத்து மணிக்கு மேல் ஜோகன்னஸ்பர்க்கோ டர்பனோ கேப் டவுனோ, எந்தக் குடியிருப்புத் தெருவில் நடந்தாலும் விறகுப் புகை மணக்கும். பாதிப் புகை இறைச்சி வாட்டும் கம்பி வலைகளுக்கு அடியிலிருந்து வருவது. மீதி, மூன்று காலில் நிற்கும் கறுத்த இரும்புச் சட்டிகளுக்கு அடியிலிருந்து. அந்தச் சட்டிக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாய்கி என்று பெயர். சொல்லுக்கு நேர்ப்பொருள் சின்னச் சட்டி. ஆனால் ஒரு தெருவுக்கே சமைக்கிற அளவுக்குப் பெரியதையும் பாய்கி என்றுதான் சொல்வார்கள். இங்கே எடுத்துக்கொள்வது எண் 3, அதாவது ஒரு குடும்பமும் இரண்டு விருந்தாளிகளும் சாப்பிடும் அளவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம், கட்டாயம் வாங்கலாம். ஆனால் செப்டம்பர் 23 மாலை கடைக்குப் போய் வாங்கிவந்து மறுநாள் காலை அடுப்பில் ஏற்றுவதற்கான பாத்திரம் இது இல்லை. பழக்காத சட்டியில் வைத்த குழம்பு சாம்பல் பூத்த கறுப்பாக வரும், நாக்கில் இரும்பு வாடை அடிக்கும், இரண்டு கிலோ கறி வீண். மரபு நாளுக்குச் சட்டி வேண்டுமென்றால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் 9 தேசிய மகளிர் நாள், அதுவும் பொது விடுமுறை. 1956-இல் அதே தேதியில் சுமார் 20,000 பெண்கள், கறுப்பின மக்கள் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டங்களை எதிர்த்து, பிரிட்டோரியாவில் அரசின் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் நோக்கி நடந்ததன் நினைவு. சட்டியைப் பழக்க அந்த விடுமுறை தோதானது. அதற்குப் பிறகு மரபு நாளுக்கு 46 நாள் இருக்கிறது. வார இறுதிகளில் நாலைந்து முறை எண்ணெய்ப் பசையுள்ள சமையல் செய்துவிட்டால் சட்டி தயார்.

இந்த நாட்டின் விடுமுறைப் பட்டியலோடு இந்தச் சட்டிக்குள்ள உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டப்படி ஆண்டுக்குப் பன்னிரண்டு விடுமுறைகள். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்களும் விடுமுறை. 2023-இல் மரபு நாள் அப்படித்தான் ஞாயிறில் வந்து திங்களையும் கொடுத்தது. அந்தச் சட்டம் உருவானபோது முதல் பட்டியலில் செப்டம்பர் 24 இல்லை. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அந்த நாள் ஷாகா நாள். 1828 செப்டம்பரில் கொல்லப்பட்ட சூலு மன்னர் ஷாகாவை நினைத்து, அவர் நினைவிடம் உள்ள குவாடுகூசாவில் மக்கள் கூடுவார்கள். பட்டியலில் அது விடுபட்டதை, சூலு மக்களிடையே செல்வாக்குள்ள இன்காத்தா சுதந்திரக் கட்சி கடுமையாக எதிர்த்தது. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவாக, ஒரு மன்னருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா மக்களின் மரபுக்குமான நாளாக அது சட்டத்தில் ஏறியது. 1995 முதல் கொண்டாடுகிறார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அதற்கு முந்தைய நாட்களில் அவரவர் உடையில் வருவார்கள். சூலு மணிவேலைப்பாடும் கோசா மக்களின் போர்வையும் பட்டுப்புடவையும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

தணலில் இறைச்சி வாட்டும் ப்ராய் வழக்கம் இந்த நாளோடு சேர்ந்தது பிறகுதான். 2005-இல் ஒரு பிரசாரமாகத் தொடங்கியது. 2007-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதன் புரவலரானார். நாட்டில் எந்த இனத்தவரும் எந்த மொழியினரும் ஏதோ ஒரு வகையில் தீ மூட்டிச் சமைக்கிறார்கள், அதற்கு ஒரு நாள் இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். மரபு நாளை இறைச்சி தின்னும் நாளாகச் சுருக்கிவிட்டார்கள் என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரு பாத்திரம் உண்டென்றால் அது கம்பி வலை இல்லை, இந்தச் சட்டிதான். கேப்பில் குடியேறிய டச்சுக்காரர்களிடமும், மாட்டுவண்டிகளில் உள்நாட்டுக்குப் போனவர்களிடமும் இருந்தது. கறுப்பின மக்களின் சமையலில் மண்பானையின் இடத்தைப் பிடித்து, கல்யாணம், சாவு, முன்னோர் வழிபாடு எல்லாவற்றிலும் முற்றத்தில் வரிசையாக நிற்கிறது. டர்பன் இந்தியர் வீடுகளில் விறகடுப்பில் மட்டன் கறி வைக்கவும் இரும்புச் சட்டிதான் வேண்டும் என்பார்கள். ஒரே சட்டி, மூன்று சமையல் முறை.

இனி பொருளைப் பார்ப்போம்.

எண் 3 சட்டி சுமார் 8 லிட்டர் கொள்ளும். நிறுவனத்துக்கு நிறுவனம் சில நூறு மில்லி கூடும் குறையும். எண் என்பது லிட்டரும் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. பழைய வார்ப்படக் கணக்கு அப்படியே தங்கிவிட்டது. எண் 1 சுமார் 3 லிட்டர், எண் 2 சுமார் 6 லிட்டர். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் எண் 2-ஐ எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். காரணம் எளிது. இந்தச் சமையலில் சட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, நிரப்பினால் ஆவி சுழல இடமிருக்காது. எண் 2-இல் அப்படிப் பார்த்தால் நான்கரை லிட்டர்தான் புழங்கும். எலும்போடு கூடிய கறியும் உருளைக்கிழங்கும் இடத்தை அடைத்துக்கொள்ள, நாலு பேருக்கு மேல் பரிமாற முடியாது. விடுமுறை நாளில் நாலு பேரோடு எந்த வீட்டுக் கூட்டமும் நிற்பதில்லை. எண் 3-இல் ஆறிலிருந்து எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அதற்கு மேல் எண் 6, 8 என்று போனால் இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். எண் 3-ஏ காலியாக இருக்கும்போது பத்து கிலோவுக்கு மேல் எடை. முதுகுவலி உள்ளவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிறு உருண்டு, கழுத்து சற்று ஒடுங்கி, மேலே குவிந்த மூடி. வயிறு உருண்டிருப்பதால் சூடு அடியில் ஒரே இடத்தில் நிற்காமல் பக்கங்களில் ஏறுகிறது. மூடி கனமானது. உள்ளே எழும் ஆவி மூடியில் மோதிக் குளிர்ந்து, துளியாகித் திரும்பக் கறியிலேயே விழுகிறது. ஒரு கோப்பை நீர் விட்டு மூன்று மணி நேரம் வேகவைத்தாலும் அடிப்பிடிக்காமல் இருப்பது இதனால்தான். மூன்று கால் என்பதும் அழகுக்காக வைத்ததில்லை. நாலு காலுள்ள எதுவும் மேடுபள்ளமான மண்ணில் ஆடும், மூன்று கால் ஆடவே ஆடாது. கல் தேட வேண்டாம், அடுப்புக் கூட்ட வேண்டாம். சட்டியே தனக்கு அடுப்பு. காலின் உயரத்துக்குள் தணலைத் தள்ளினால் போதும்.

கடையில் வாங்கும்போது பெட்டியோடு தூக்கிக்கொண்டு வராதீர்கள். பெட்டியைத் திறந்து, சட்டியைத் தரையில் வைத்து, மூடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூடி ஏதாவது ஓரிடத்தில் கடகடவென்று ஆடினால் அங்கே ஆவி வெளியேறும், அந்தச் சட்டி வேண்டாம். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தூக்கி, விரல் கணுவால் வயிற்றில் தட்டுங்கள். மணி போல ஓசை நீள வேண்டும். பொத்தென்று அடங்கினால் எங்கோ மயிர்க்கீறல் இருக்கிறது. மண்பானை வாங்கத் தட்டிப் பார்க்கும் அதே சோதனைதான், வார்ப்பிரும்புக்கும் செல்லும். காலும் வயிறும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கால்கள் ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். வார்ப்பில் சிறு குழி விழுந்திருந்தால் கார் டிக்கியிலிருந்து ஒருமுறை தவறி விழுந்தாலே கால் போய்விடும். வார்ப்பிரும்பைச் சாதாரணப் பட்டறையில் பற்றவைத்தால் நிற்காது. இரண்டு காலுள்ள சட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக, உட்புறத்தை உள்ளங்கையால் தடவுங்கள். மணல் போல நெருடினால் பரவாயில்லை, கீறும்படி கூர்முனை இருந்தால் வேறு சட்டி எடுங்கள்.

எனாமல் பூசிய சட்டிகளும் விற்கின்றன. பழக்க வேண்டாம், தக்காளிக்கு அஞ்ச வேண்டாம் என்பது அதன் வசதி. ஆனால் இரும்புக் கரண்டி பட்டாலும், சூட்டில் குளிர்நீர் பட்டாலும் எனாமல் சில்லு சில்லாகப் பெயரும். விறகுத் தீயில் வைக்கும் பாத்திரத்துக்கு அது ஒத்துவராது என்பது எங்கள் கருத்து.

சட்டியைப் பழக்குவது இப்படி. புதுச் சட்டியில் துருப்பிடிக்காமலிருக்க மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பார்கள். முதலில் வெந்நீரும் சோப்பும் விட்டு, கம்பி நார் கொண்டு உள்ளும் புறமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பை இவ்வளவு தாராளமாக விடுவது இந்த ஒருமுறை மட்டும். அலசி, உடனே தீயில் காட்டி ஈரம் போக உலர்த்துங்கள். சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் எடுத்து உட்புறம், மூடி, வெளிப்புறம், கால்கள் எல்லாவற்றிலும் தடவி, இன்னொரு உலர்ந்த துணியால் அதையே துடைத்தெடுங்கள். கண்ணுக்கு எண்ணெய் தெரியக் கூடாது. இரும்பு சற்று மினுமினுத்தால் போதும். பிறகு நல்ல தணலில் வைத்து, புகைந்து, புகை அடங்கும் வரை விட வேண்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். தானாக ஆறட்டும். இதே வேலையை மூன்று தடவை செய்ய வேண்டும்.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, எண்ணெயை ஊற்றி ஊறவிடுவது. மெல்லிய எண்ணெய்தான் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய கறுத்த படலமாகும். கெட்டியாக நின்ற எண்ணெய் இறுகாமல் பிசினாகி, விரல் வைத்தால் ஒட்டும். நாளானால் சிக்கு வாடை அடிக்கும். அப்படி ஆகிவிட்டால் மீண்டும் கம்பி நாரால் சுரண்டி முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. தோசைக்கல் பழக்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஒரே வேறுபாடு, இங்கே வெளிப்புறமும் காலும் மழையிலும் பனியிலும் நிற்கப்போகிறவை, அதனால் அவற்றையும் விடக் கூடாது.

மூன்று பூச்சு முடிந்ததும் சட்டி நிறைய நீர் விட்டு உருளைக்கிழங்குத் தோல், வெங்காயத் தோல், முட்டைக்கோஸின் வெளி இலை எதுவானாலும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள். நீர் கறுப்பாக வரும். மறுபடி செய்யுங்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்பு வராமல் வெளிர்ப்பழுப்பு மட்டும் வந்தால் முதல் சமையலுக்குத் தயார். அந்த முதல் சமையலும் அடுத்த மூன்று நான்கும் கொழுப்புள்ளதாக இருக்கட்டும். தக்காளி, புளி, வினிகர், ஒயின் எதுவும் அதுவரை வேண்டாம். புளிப்பு அந்த இளம் படலத்தை அரித்துவிடும்.

விறகைப் பற்றி இந்த நாட்டுக்காரர்கள் சட்டியைவிட அதிகமாக வாதாடுவார்கள். வெடிக்காமல், நின்று எரிந்து, கெட்டியான தணல் தரும் மரம் வேண்டும். செகல்போஸ் என்று விற்பது மிக நல்லது. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் காட்டோரங்களில் முள்ளாக நிற்கும் விடத்தேரைதான், இங்கே மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொள்வதால் வெட்டி விற்கிறார்கள். கேப் பகுதியில் ரோய்க்ரான்ஸ், மற்ற இடங்களில் கறுப்பு வாட்டில். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய மரங்கள், வெட்டினால் நிலத்துக்கு நல்லது. நீலகிரிக்காரர்களுக்கு வாட்டிலைத் தெரிந்திருக்கும். கமேல்டோரிங் என்னும் ஒட்டகமுள் மரத்தின் தணல் எல்லாவற்றையும்விட நீடிக்கும், ஆனால் அது சட்டப்படி காக்கப்படும் மரம். அனுமதியோடு சேகரித்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தொடவே கூடாதவை மூன்று. தம்போட்டி மரம்: பார்க்க அழகு, மணமும் உண்டு, ஆனால் அதன் புகை பட்ட உணவைத் தின்றால் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். காட்டுப் பூங்காக்களில் தங்குபவர்கள் கீழே கிடக்கும் கட்டைகளைப் பொறுக்கித் தீ மூட்டுவதில்தான் இது நேர்கிறது. இரண்டாவது அரளி. மூன்றாவது, வேலிக்கம்பமாகவும் கூரைக்கும் பயன்பட்ட, பச்சை சாயல் ஓடிய பதப்படுத்திய மரம். அதில் ஆர்சனிக் இருக்கிறது. தீயில் இட்டால் சாம்பலும் நஞ்சு.

ஒரு மரபு நாள் சமையலுக்குக் கடையில் விற்கும் விறகுப் பை ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். ஏனென்றால் தீ இரண்டு வேண்டும். சட்டிக்கு அடியில் கொள்ளி எரியக் கூடாது. பக்கத்தில் ஒரு தீ எரிந்துகொண்டே இருந்து தணலைத் தர, அதிலிருந்து சின்னச் சட்டுவத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சட்டிக்கடியில் இட வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில் முதல் மழை இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. புல் காய்ந்து கிடக்கும், காற்றும் வீசும். புல்தரையில் தீ மூட்டாதீர்கள். கான்கிரீட்டிலோ மண் தரையிலோ வைத்து, காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்துவிட்டு, ஒரு வாளி நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காற்று தணலை ஊதிவிட்டால் சட்டியின் ஒரு பக்கம் மட்டும் கருகும். அடிப்பிடித்தது என்று பலர் சட்டியைக் குறை சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் காற்றுதான்.

இப்போது எண் 3-க்கு அளவெடுத்த ஒரு பாய்கிகோஸ், அதாவது இந்தச் சட்டியில் வைக்கும் குழம்பு. எலும்போடு ஆட்டுக் கழுத்துக்கறி 2 கிலோ, இரண்டு விரல் கனத் துண்டுகளாக. பெரிய வெங்காயம் 3, பூண்டு 6 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கேரட் 6, நடுத்தர உருளைக்கிழங்கு 8, பச்சை பீன்ஸ் 300 கிராம், காளான் 250 கிராம், எலும்பு வடிநீர் 250 மில்லி. மிளகு, உப்பு, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு மேசைக்கரண்டி வறுத்துப் பொடித்த கொத்தமல்லி. ஓரளவு பழகிய சட்டியானால் வடிநீரில் பாதிக்குப் பதில் சிவப்பு ஒயின் விடலாம்.

சட்டியைக் கொஞ்சம் கூடுதல் தணலில் சூடாக்கி, எண்ணெய் விட்டு, கறியை மூன்று பங்காகப் பிரித்து வறுத்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கி, கறி நீர்விட்டு, வறுபடாமல் அவிந்துவிடும். நிறம் வராது, ருசியும் வராது. வறுத்ததை எடுத்துவைத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, மசாலா சேர்த்து, கறியைத் திரும்பப் போட்டு, வடிநீரைச் சூடாக்கி விடுங்கள். குளிர்ந்த வடிநீர் விடக் கூடாது. மூடியைப் போட்டதும் அடியிலிருந்து தணலை இழுத்துவிட்டு, ஆறிலிருந்து எட்டுத் துண்டு கங்கு மட்டும் விட்டுவையுங்கள்.

இனி காதால் சமைக்க வேண்டும். மூடியைத் திறக்காமல் சட்டியருகே குனிந்தால், உள்ளே மெதுவாக, இடைவெளி விட்டு, ப்ளக், ப்ளக் என்று கேட்கும். அந்த ஓசை சரி. சடசடவென்று விடாமல் கொதித்தால் கறி நார்நாராகி வறண்டுவிடும், இரண்டு கங்கை எடுத்துவிடுங்கள். ஒன்றுமே கேட்காவிட்டால் இரண்டு சேருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருமுறை திறந்து கத்தியால் குத்திப் பாருங்கள். கறி முக்கால் பதம் வெந்திருந்தால் காய்களை அடுக்கலாம். கெட்டியானது கீழே: முதலில் கேரட், மேலே உருளைக்கிழங்கு, அதன் மேல் பீன்ஸ், உச்சியில் காளான். அடுக்குக்கு ஒரு சிட்டிகை உப்பு. மூடியைப் போட்டு இன்னும் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கிளறவே கூடாது.

கிளறாமை இங்கே மூடநம்பிக்கை போலத் தோன்றும், இல்லை. கிளறினால் வெந்த உருளைக்கிழங்கு உடைந்து மாவாகி அடிக்கு இறங்குகிறது. மாவு அடியில் படிந்தால் பிடிக்கிறது. பிடித்ததைச் சுரண்டினால் கரிந்த வாடை முழுச் சட்டிக்கும் போகிறது. அடுக்கு கலையாமல் இருந்தால், கறியின் சாறு கீழே, காயின் ஆவி மேலே என்று ஒவ்வொன்றும் தன் ருசியோடு இருக்கும். பரிமாறும்போது அகப்பையை அடிவரை விட்டுச் செங்குத்தாக அள்ள வேண்டும். ஒரு தட்டில் எல்லா அடுக்கும் விழும்.

டர்பன்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே கறி என்றால் மசாலாவை எண்ணெயில் நன்றாகப் பிரட்டி, கறியை வதக்கி, கிளறிக் கிளறித்தான் வைக்க வேண்டும். உருளைக்கிழங்குக்குப் பெயரே கிரேவி சோக்கர், குழம்பைக் குடித்து ஓரம் கரைந்து போவதுதான் அதன் வேலை. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களில் தொடங்கி வளர்ந்த சமையல் அது. அந்தக் கறிக்கும் இந்தச் சட்டி பொருந்தும். ஒரே நிபந்தனை, உருண்ட அடிக்கு ஏற்ற நீண்ட மரக்கரண்டி வேண்டும், தட்டையான இரும்புக் கரண்டி அடிவளைவைத் தொடாது. தக்காளி நிறையச் சேரும் கறியானால் நன்கு பழகிய சட்டியில் மட்டும் வையுங்கள். வெந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மரபு நாளுக்கு இன்னொரு பொருத்தமான சமையல் கோசா மக்களின் உம்ங்கூஷோ. மண்டேலாவுக்குப் பிடித்தது என்று சொல்வார்கள். உடைத்த வெள்ளை மக்காச்சோளம் 500 கிராம், சுகர் பீன்ஸ் என்னும் உலர்ந்த பீன்ஸ் விதை 250 கிராம், இரண்டையும் முந்தைய இரவே நிறைய நீரில் ஊறவைக்க வேண்டும். ஊறவைக்க மறந்தால் மாலை ஐந்து மணிக்கும் பீன்ஸ் கல்லாகத்தான் இருக்கும். வடித்து, புது நீரில், கங்கு குறைவாக வைத்து இரண்டரை மணி நேரம் வேகவைத்து, கடைசியில்தான் உப்பும் வதக்கிய வெங்காயமும். மக்காச்சோள மாவில் உதிர் உதிராகக் கிண்டும் பூத்துவுக்கும் இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. குளிர்ந்த அமாசிப் பாலோடு அதைச் சாப்பிடுவார்கள், புளித்த தயிரின் பதம். பூத்து செய்தால் அடியில் ஒரு பொருக்கு ஒட்டும். சுரண்ட வேண்டாம், வெந்நீர் ஊற்றி அரை மணி விட்டால் தானே கழன்று வரும்.

இந்த மூன்று மணி நேரத்தில் பசிக்கிறவர்களுக்குப் பக்கத்துத் தணலில் பூரவோர்ஸ் வாட்டிக் கொடுக்கலாம். இந்தத் தொத்திறைச்சிக்குச் சட்டமே உண்டு: குறைந்தது 90 விழுக்காடு இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெயரில் பூரவோர்ஸ் என்றில்லாமல் ப்ராய்வோர்ஸ் என்றோ வேறு ஏதாவதோ எழுதியிருந்தால் அது அந்தக் கணக்குக்குள் வராதது, சுருங்கிப் போகும். முள்கரண்டியால் குத்தாதீர்கள், சாறெல்லாம் தணலுக்குப் போய் தீ எழும்பும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றுகால் சட்டி வீட்டு எரிவாயு அடுப்பில் நிற்காது, இண்டக்ஷன் அடுப்பில் பேச்சே இல்லை. கால் நுழையும்படி செய்த தனி எரிவாயு வளையம் வாங்கலாம், ஆனால் அதில் சூடு நடுவில் குவியும், அடி கருகும் வாய்ப்பு அதிகம். மாடிக் குடியிருப்பில், தீ மூட்ட இடமில்லாதவர்களுக்கு இது வேண்டாம், தட்டையடி இரும்புச் சட்டி வாங்குங்கள். சட்டி ரொட்டி சுட விரும்புகிறவர்களுக்கும் தட்டையடிதான் ஏற்றது. மூன்றுகாலில் ரொட்டி நடுவில் வேகாமல், ஓரம் தடித்து வரும். அவசரச் சமையலுக்கும் உதவாது. தீ மூட்டித் தணலாக ஒரு மணி, சமைக்க மூன்று மணி. காலை பத்துக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குச் சாப்பாடு. வேலைநாளில் எடுக்க முடியாத பாத்திரம், ஆண்டில் பன்னிரண்டு நாளுக்கும் சில சனி ஞாயிறுகளுக்கும் உரியது.

சாப்பிட்டு முடிந்ததும் நடக்கும் தவறுதான் சட்டியைக் கொல்கிறது. சுடச்சுட இருக்கும் சட்டியில் குழாய் நீரைத் திறந்துவிடுவார்கள். வார்ப்பிரும்பு அதைத் தாங்காது, டப்பென்று ஒரு ஓசை, வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு கீறல், அவ்வளவுதான். சட்டி தானாக ஆறட்டும். மிச்சக் குழம்பை அதிலேயே இரவு விடாதீர்கள். காலையில் குழம்பு கறுத்திருக்கும், சட்டியின் படலமும் புள்ளி புள்ளியாகப் போயிருக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போட்டுக் கழுவி, அணையப்போகும் தணல் மீதே கவிழ்க்காமல் நிறுத்தி ஈரத்தை ஓட்டி, இளஞ்சூட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள்.

எடுத்துவைக்கும்போது உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டு, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சுள்ளியைச் செருகி, காற்றுப் போகும்படி வையுங்கள். மூடியை இறுக மூடினால் சிக்கு வாடை பிடிக்கும். அடுத்து எடுக்கப்போவது டிசம்பர் 16, நல்லிணக்க நாள். அதற்குள் மேட்டுநிலத்தில் மழைக்காலம் வந்துவிடும், ஈரம் ஏறும். தாளை எடுத்துப் பாருங்கள். வெறும் எண்ணெய்க் கறை என்றால் சட்டி நலம், வெந்நீரில் அலசி நேராகத் தீயில் ஏற்றலாம். செம்மஞ்சள் கறை இருந்தால் துரு தொடங்கிவிட்டது. அந்த இடத்தைக் கம்பி நாரால் தேய்த்து, ஒரு பூச்சு எண்ணெய் கொடுத்து, ஒரு மணி நேரம் தணலில் வைத்த பிறகு சமையுங்கள். அதனால் தாளை 15-ஆம் தேதியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.